வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: சிறு கீறல் வழியே இதய வால்வு மாற்றம்

வயதானவர்களுக்கு வரும் இதய வால்வுச் சுருக்கத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, மார்பெலும்பை முழுநீளமும் பிளக்காமல் சிறு கீறல் வழியே வால்வை மாற்றும் அறுவை நம் தென்னாப்பிரிக்காவிலும் நடைபெறுகிறது என்று போகிற போக்கில் ஒரு வரி குறிப்பிட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கியும், எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய செய்திகளை நீக்கியும் தந்துள்ளேன்.

கேள்வி: என் கணவருக்கு வயது 71. பெருந்தமனி வால்வு மிகவும் சுருங்கிவிட்டது, விலா எலும்புகளுக்கு நடுவே சிறு கீறல் போட்டு மாற்றிவிடலாம் என்கிறார் அறுவை மருத்துவர். என் தம்பியோ, தொடையில் குழாய் விட்டே மாற்றுகிறார்களே, மார்பைத் தொடவே வேண்டாமே என்கிறான். இரண்டும் ஒன்றா? கீறல் சிறிது என்றால் ஆபத்தும் சிறிதுதானே?
— ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: இரண்டும் ஒன்றல்ல, அம்மா. உங்கள் தம்பி சொல்வது டாவி எனப்படும் முறை. தொடை இடுக்கிலுள்ள தமனி வழியே குழாயைச் செலுத்தி, மடித்துச் சுருக்கிய புதிய வால்வைப் பழைய வால்வின் உள்ளேயே விரித்து நிறுத்திவிடுவார்கள். பழைய வால்வை வெட்டி எடுப்பதில்லை. இதயத்தை நிறுத்துவதும் இல்லை. 2002ஆம் ஆண்டு பிரான்சின் ரூவான் நகரில் அலேன் க்ரிபியே என்ற மருத்துவர் இதை முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்தார்.

உங்கள் அறுவை மருத்துவர் சொல்வது வேறு. மார்பின் வலப்பக்கத்தில், இரண்டாவது அல்லது மூன்றாவது விலா இடைவெளியில், ஏறத்தாழ 5 முதல் 8 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறி, அதன் வழியே நீண்ட கைப்பிடியுள்ள கருவிகளைக் கொண்டு பழைய வால்வை அறுத்தெடுத்துப் புதியதைத் தைப்பார்கள். சிலருக்கு விலா வழிக்குப் பதிலாக மார்பெலும்பின் மேற்பகுதியை மட்டும் பிளந்து செய்வதுண்டு. எந்த வழியானாலும், இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையை அந்நேரம் ஏற்றுக்கொள்ளும் இதய-நுரையீரல் இயந்திரத்தோடு நோயாளி இணைக்கப்படுகிறார். இதயம் நிறுத்தப்பட்டு, வால்வு தைக்கப்பட்ட பிறகே மீண்டும் துடிக்கவிடப்படுகிறது. விலா வழியாகச் செய்யும்போது அந்த இயந்திரத்தின் குழாய்களைப் பெரும்பாலும் தொடை இடுக்கு வழியாகவே இணைப்பார்கள். அங்கேயும் ஒரு சிறு காயம் இருப்பதைக் கண்டு பிறகு திகைக்க வேண்டாம்.

ஆக, உள்ளே நடப்பது முழுமையான இதய அறுவை. இந்த ஒன்றை வீட்டிலுள்ள எல்லோரும் மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் வரும் குழப்பங்களில் பாதி வராது. மார்பெலும்பு முழுவதும் பிளக்கப்படாததால் குருதி இழப்பும், செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் நேரமும், மருத்துவமனையில் தங்கும் நாள்களும் குறைகின்றன; வேலைக்குத் திரும்புவதும் விரைவாகிறது. ஆனால் உயிராபத்து, பக்கவாதம் போன்ற பெரிய கணக்குகளில், அனுபவமுள்ள கைகளில் பழைய முறையும் புதிய முறையும் ஏறக்குறைய சமமாகவே நிற்கின்றன. இடம் குறுகியதால் இதயம் நின்றிருக்கும் நேரம் சற்றுக் கூடுவதும் உண்டு. நடுவில் சிக்கல் நேர்ந்தால் மார்பெலும்பைப் பிளந்தே முடிக்க வேண்டியிருக்கும் என்பதற்கும் சேர்த்துத்தான் ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் வாங்குவார்கள். அதைக் கண்டு, ஏமாற்றுகிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

எல்லோருக்கும் இது பொருந்துவதில்லை. முன்பு வலப்பக்க மார்பில் அறுவையோ கதிர்வீச்சோ பெற்றவர்கள், நுரையீரல் மிகவும் பழுதானவர்கள், கால்களுக்குச் செல்லும் தமனிகள் அடைபட்டவர்கள், வால்வோடு பைபாஸும் தேவைப்படுபவர்கள் ஆகியோருக்குப் பெரும்பாலும் முழுத் திறப்பையே மருத்துவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். 1967இல் கேப் டவுனின் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் கிறிஸ்டியான் பர்னார்ட் ஒருவருடைய இதயத்தையே மாற்றிக் காட்டிய நாடு இது. பெரிய கீறலுக்கு நம் மக்கள் அஞ்சுவதில்லை என்றுதான் நான் எண்ணியிருந்தேன். இப்போதோ, முழுத் திறப்பு என்றதும் அந்த மருத்துவருக்குத் திறமை போதாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரியன்று.

71 வயது என்பது இரு வழிகளுக்கும் நடுவிலுள்ள வயது. அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்கள் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 65க்குக் கீழே அறுவை, 80க்கு மேலே டாவி, இடைப்பட்டவர்களுக்கு இரண்டையும் எடுத்துச் சொல்லி நோயாளியோடு கலந்து முடிவெடுப்பது. டாவிக்குப் பிறகு பேஸ்மேக்கர் தேவைப்படுவதும், வால்வின் ஓரத்தில் சிறிது கசிவு இருப்பதும் அறுவையைவிடக் கூடுதல். ஆனால் பெரும்பாலோர் சில நாள்களிலேயே வீடு திரும்பிவிடுகிறார்கள். உங்கள் மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள்: இந்தச் சிறு கீறல் முறையை அவர் வழக்கமாகச் செய்கிறாரா, என் கணவருக்கு டாவி ஏன் வேண்டாம் என்கிறார், இன்னும் 15 ஆண்டுகளில் வால்வு தேய்ந்தால் அடுத்த வழி என்ன. தயங்காமல் பதில் சொல்பவரை நம்பலாம். மெடிக்கல் எய்ட் எனப்படும் உங்கள் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திடமும் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். சட்டப்படி கட்டாயமாக வழங்க வேண்டிய பிஎம்பி பலன்களில் இது எவ்வாறு சேர்கிறது என்றும், டாவியானால் எவ்வளவு கொடுப்பார்கள் என்றும் தனித்தனியே கேட்க வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது 63. மைட்ரல் வால்வில் (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வு) கசிவு. ஆறு வாரங்களில் அறுவை. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். நாளுக்கு நாலைந்து சிகரெட்டும் உண்டு. அறுவைக்கு முன்பு பல் மருத்துவரைப் பார்த்து வரச் சொல்லிவிட்டார்கள். இதயத்துக்கும் பல்லுக்கும் என்ன தொடர்பு? வேறு என்னென்ன தயாரிப்பு வேண்டும்?
— ஒரு வாசகர், டோங்காட்

பதில்: பல்லைப் பற்றிக் கேட்டீர்கள், அதிலிருந்தே தொடங்குகிறேன். ஈறில் சீழ் இருந்தால் அங்குள்ள கிருமிகள் குருதியில் கலந்து புதிய வால்வில் போய்த் தங்கிவிடும். செயற்கை வால்வில் கிருமி பற்றினால் மருந்தால் மட்டும் அதைப் போக்குவது கடினம். பலருக்கு இரண்டாவது அறுவையே தேவைப்படுகிறது. ஆடும் பல், சொத்தைப் பல், உடைந்து வேர் மட்டும் நிற்கும் பல் எல்லாவற்றையும் இப்போதே கவனியுங்கள். பிடுங்கிய இடம் ஆற வேண்டும் என்பதால் அறுவைக்கு முந்தின வாரம் வரை தள்ளிப் போடாதீர்கள். அறுவை முடிந்த பிறகும், வாழ்நாள் முழுவதும், பல் பிடுங்குவது, ஈறு கிளறிச் சுத்தம் செய்வது போன்றவற்றுக்கு முன்னால் நுண்ணுயிர்க்கொல்லி எடுக்க வேண்டும். பென்சிலின் ஒவ்வாமை இல்லாதவர்களுக்கு வழக்கமாக அமாக்சிசிலின் 2 கிராம், சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன்பு ஒரே தடவையாகக் கொடுக்கப்படுகிறது.

சிகரெட்டை இன்றே விட்டுவிடுங்கள். விலா வழியாகச் செய்யும்போது வலது நுரையீரலைச் சிறிது நேரம் சுருக்கி வைத்து, இடது நுரையீரலால் மட்டும் சுவாசிக்க வைப்பார்கள். புகைப்பவரின் நுரையீரல் அதைத் தாங்கத் திணறும். குறைந்தது நான்கு வாரங்களாவது புகையின்றி இருந்தால் சளியும் நிமோனியாவும் குறைகின்றன. உங்களுக்கு ஆறு வாரங்கள் கிடைத்திருக்கின்றன, அது நல்ல வாய்ப்பு. பந்து மேலெழும் சிறு பிளாஸ்டிக் கருவியில் மூச்சை உள்ளிழுக்கும் பயிற்சியை வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். அறுவைக்கு மறுநாள் வலியோடு அதைக் கற்றுக்கொள்வது மிகவும் சிரமம்.

மாத்திரைகளில் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மயக்க மருத்துவரிடம் காட்டுங்கள். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளை வழக்கமாக அறுவைக்கு 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே உணவின்றி இருந்தால், சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே குருதியில் அமிலம் ஏறிவிடும். குருதி உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல் ஆகியவற்றைப் பொதுவாக 5 நாள் முன்பு நிறுத்துவார்கள். ஆஸ்பிரினைப் பலருக்குத் தொடரச் சொல்வதுண்டு. பூண்டு மாத்திரை, மஞ்சள் மாத்திரை, மூலிகைக் கஷாயம் ஆகியவற்றை மருந்தாகவே கருதாததால் மருத்துவரிடம் சொல்லாமல் விடுகிறவர்கள் மிகப் பலர். அவையும் குருதிப்போக்கைக் கூட்டக்கூடியவை, கட்டாயம் சொல்லுங்கள்.

பரிசோதனைகளில் எக்கோவும் இதயத் தமனி ஆஞ்சியோகிராமும் நீங்கள் அறிந்தவைதாம். சிறு கீறல் முறைக்கு மட்டும் கூடுதலாக, மார்பு முதல் தொடை வரையிலான தமனிகளை சிடி ஸ்கேனில் பார்ப்பார்கள். தொடை வழியே இயந்திரத்தின் குழாயை விடுவதற்கு அவை இடம் கொடுக்குமா என்று அறிய வேண்டும். அதற்காக ஏற்றும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், சர்க்கரை உள்ள நீங்கள் சிறுநீரக அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நீங்கள் வந்த பிறகு முதல் ஒரு வாரமாவது இரவும் பகலும் ஒருவர் உடனிருக்க வேண்டும். அடிக்கடி எடுக்கும் பாத்திரங்களையும் துணிகளையும் இடுப்பு உயரத்துக்கு மாற்றி வையுங்கள். எடை பார்க்கும் கருவி ஒன்று வாங்குங்கள். காய்ச்சலோ, எரிச்சலுடன் சிறுநீரோ, காலில் புண்ணோ இருந்தால் அறுவைக்கு முந்திய நாளானாலும் சொல்லிவிடுங்கள். தேதி தள்ளிப்போவது ஒரு நட்டமே அல்ல.

கேள்வி: என் தாயாருக்கு மாட்டின் இதய உறையிலிருந்து செய்த வால்வைப் பொருத்துவதாகச் சொல்கிறார்கள். வாழ்நாளில் மாட்டிறைச்சியைத் தொடாதவர். சொன்னது முதல் அழுதுகொண்டே இருக்கிறார்.
— ஒரு வாசகர், வெருலம்

பதில்: அறுவைக்கு முன்பே அவரிடம் சொன்னது நல்லது. ஒரு வால்வைப் பற்றிப் பின்னால் தெரிந்துகொண்டு, மகனோடும் மருத்துவரோடும் பேசாமல் இருந்த முதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

திசு வால்வுகளில் இரண்டு வகை பரவலாக உள்ளன: மாட்டின் இதய உறையால் ஆனது, பன்றியின் வால்வால் ஆனது. இரண்டும் வேதிப்பொருளில் பதப்படுத்தப்பட்டவை. அவற்றில் உயிருள்ள செல் எதுவும் இல்லை. மூன்றாவது, உலோகமும் உறுதியான கார்பனும் கொண்டு செய்யப்படும் இயந்திர வால்வு. அதில் விலங்கின் பொருள் இல்லை, தேய்வதும் இல்லை. ஆனால் வாழ்நாள் முழுவதும் வார்ஃபரின் சாப்பிட்டாக வேண்டும். எழுபதைத் தாண்டியவர்களுக்கு வார்ஃபரினின் குருதிப்போக்கு ஆபத்து கூடுதல் என்பதால்தான் அந்த வயதில் திசு வால்வையே மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். அது 10 முதல் 15 ஆண்டுகளுக்கு, சிலருக்கு அதற்கு மேலும் உழைக்கும். உங்கள் தாயாரின் மனத் தடையை அறுவை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பன்றி வால்வு பொருந்துமா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முஸ்லிம் நண்பர்கள் இதையே மறுபக்கமாகக் கேட்கிறார்கள், மருத்துவர்களுக்கு இது பழகிய கேள்வி. உயிரைக் காக்கும் மருந்துக்குச் சமயத்தில் இடமுண்டு என்று நான் தனிப்பட நம்புகிறேன். ஆனால் முடிவு அம்மாவுடையது. உங்களுடையதோ என்னுடையதோ அல்ல.

கேள்வி: அப்பாவுக்கு வலப்பக்கக் கீறல் வழியே வால்வு மாற்றி, ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தழும்பு விரல் நீளம்தான். ஆனால் குளித்து முடித்ததும் களைத்துப் படுத்துவிடுகிறார்; சோறு பிடிக்கவில்லை; ஒன்றுமில்லாததற்கெல்லாம் கண்கலங்குகிறார். பார்க்க வரும் உறவினர்கள், இவ்வளவு சின்னக் காயத்துக்கா இப்படி என்கிறார்கள். எப்போது பழைய நிலைக்கு வருவார்? எதைக் கண்டால் பயப்பட வேண்டும்?
— ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: உறவினர்களிடம் முதல் பதிலைப் படித்துக் காட்டுங்கள். இயந்திரத்தில் சுற்றிவந்த குருதி, நிறுத்தப்பட்டு மீண்டும் துடித்த இதயம், பல மணி நேர மயக்கம் இவையெல்லாம் தழும்பின் நீளத்தில் தெரியாது. முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குக் களைப்பு, நாக்கில் சுவையின்மை, இரவில் துண்டு துண்டான தூக்கம், மறதி, காரணமற்ற அழுகை எல்லாம் மிகச் சாதாரணம். அழுகையும் சோர்வும் ஒரு மாதத்துக்குப் பிறகும் நீடித்தாலோ, வாழ்வதில் விருப்பமில்லாததுபோல் பேசினாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

விலா வழியாகச் செய்தவர்களுக்கு முதல் சில நாள்களில் வலி சற்றுக் கடுமையாகவே இருக்கும். விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்பு இழுபடுவதே காரணம். வலியை அடக்கிக்கொண்டு இருப்பதைப் பெருமையாக நினைக்கும் அப்பாக்கள் நம்மிடையே அதிகம். வலிக்குப் பயந்து இருமாமலும் ஆழ்ந்து மூச்சு விடாமலும் இருந்தால் நுரையீரலில் சளி தேங்கும். ஆகவே கொடுத்த வலி மாத்திரையை நேரம் தவறாமல் கொடுங்கள். ஒரு சிறு தலையணையைக் காயத்தின்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். மார்பின் வலப்பக்கத்திலும் முலைக்காம்பைச் சுற்றியும் மரத்துப்போனதுபோல் இருப்பது மாதக் கணக்கில் நீடிக்கலாம், அதனால் தீங்கில்லை.

நடைதான் அவருக்கு மருந்து. முதல் வாரம் வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் ஐந்து நிமிடமாக நாலைந்து தடவை. பிறகு நாளுக்கு ஓரிரு நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம். நடந்துகொண்டே பேச முடிந்தால் அளவு சரி, பேச்சு திணறினால் அதிகம். டர்பனின் பிப்ரவரி வெயிலில் பகல் நடை வேண்டாம். காலை ஆறு மணிக்கு முடித்துவிடுங்கள். கனம் தூக்குவதைப் பொறுத்தவரை, விலா வழியாகச் செய்தவர்களுக்குக் கட்டுப்பாடு குறைவு. மார்பெலும்பின் மேற்பகுதியைப் பிளந்தவர்களோ எலும்பு கூடும் வரை, ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு, 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. எந்த வழியில் செய்தார்கள் என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

காரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். பெல்ட் வலது தோளிலிருந்து இறங்கி, இவருடைய காயம் இருக்கும் இடத்தின் மேலேயே உராய்ந்து செல்கிறது. வண்டி ஓட்ட மருத்துவரின் அனுமதி கிடைக்கும் வரை, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்கள், இவர் பின்னிருக்கையில் இடப்பக்கம் அமரட்டும்; அங்கே பெல்ட் இடது தோளிலிருந்து வரும், முன்னால் ஏர்பேக்கும் இருக்காது. பெல்ட் போடாமல் மட்டும் உட்கார வேண்டாம்.

பயப்பட வேண்டியவை இவை. ஒவ்வொரு நாளும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு எடை பாருங்கள். ஒரே நாளில் 1 கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் 2 கிலோவுக்கு மேலோ ஏறினால் உடலில் நீர் சேர்கிறது என்று பொருள், அன்றே மருத்துவரை அழையுங்கள். காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டுவது, காயம் சிவந்து கசிவது, தொடை இடுக்கில் கட்டி புடைத்து வருவது, கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்குவது ஆகியவையும் அப்படியே. நெஞ்சு படபடத்து, நாடித்துடிப்பு தாறுமாறாக ஓடுவது இவ்வகை அறுவைக்குப் பின் மூவரில் ஒருவருக்கு வரை வரக்கூடியது. பெரும்பாலும் மருந்தில் அடங்கும், ஆனால் காட்டாமல் இருக்கக் கூடாது. வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, கை விழுந்துவிடுவது, மயக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது: இவற்றுக்கு மருத்துவரின் தொலைபேசியைத் தேடாதீர்கள், ஆம்புலன்சுக்கு 10177 அல்லது கைப்பேசியிலிருந்து 112ஐ அழையுங்கள்.

பழைய நிலை எப்போது என்று கேட்டீர்கள். விலா வழியாகச் செய்தவர்கள் நாற்காலி வேலைக்கு ஏறத்தாழ நான்கு வாரத்தில் திரும்புகிறார்கள். உடல் தெம்பு முழுமையாகத் திரும்ப இரண்டு மூன்று மாதம் ஆகும். மருத்துவமனை நடத்தும் இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கு இடம் கிடைத்தால் கட்டாயம் அனுப்புங்கள். முதல் எக்கோ ஒன்றரை முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கப்படும். அந்த அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள், பிற்காலத்தில் வரும் ஒவ்வொரு அறிக்கையையும் அதனோடுதான் ஒப்பிடுவார்கள்.

கேள்வி: எனக்கு இயந்திர வால்வு பொருத்தி ஓராண்டாகிறது. ஐஎன்ஆர் (குருதி உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) ஒழுங்காக 2.5 அளவில் இருந்தது; புரட்டாசியில் திடீரென்று 1.6க்கு இறங்கிவிட்டது. மாத்திரையை ஒரு நாளும் தவறவிடவில்லை. கீரையே சாப்பிடக் கூடாதா?
— ஒரு வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. புரட்டாசி மாதம் முழுவதும் கறி மீன் இல்லாமல், நாள்தோறும் கீரையும் முட்டைகோசும் பீன்சுமாகச் சமைத்திருப்பீர்கள். நம் ஊரில் ஹெர்ப்ஸ் என்று சொல்லி வாங்கும் தண்டுக்கீரை, முருங்கைக்கீரை எல்லாவற்றிலும் வைட்டமின் கே மிகுதி. வார்ஃபரின் வேலை செய்வதே அந்த வைட்டமினை எதிர்த்துத்தான். கீரை திடீரென்று கூடினால் ஐஎன்ஆர் இறங்கும்; வால்வில் குருதி உறையலாம். மாதம் முடிந்து மீண்டும் கறிக்குழம்புக்குத் திரும்பும்போது, கூட்டிக் கொடுத்த அளவிலேயே மாத்திரை தொடர்ந்தால், ஐஎன்ஆர் மேலே போய்க் குருதிப்போக்கு வரலாம். இரண்டாவது ஆபத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

கீரையை விட வேண்டாம்; ஆண்டு முழுவதும் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். வாரம் மூன்று நாள் என்றால் புரட்டாசியிலும் மூன்று நாள். மற்ற நாள்களுக்குப் பருப்பு, பூசணி, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு இருக்கின்றன. குழம்பில் தூவும் கறிவேப்பிலையையும் மல்லித்தழையையும் எண்ணிக் கவலைப்படாதீர்கள். விரதத்தின் முதல் வாரம் ஒருமுறையும், முடிந்த மறுவாரம் ஒருமுறையும் ஐஎன்ஆர் பார்த்துவிடுங்கள். பெருந்தமனி வால்வுக்கு வழக்கமான இலக்கு 2 முதல் 3. மைட்ரல் வால்வுக்கு 2.5 முதல் 3.5. உங்கள் இலக்கை அட்டையில் எழுதி வாங்குங்கள்.

கீரையைவிட நான் அஞ்சுவது தலைவலிப் பொடிகளை. மூலைக்கடையில் ஒற்றையாகக் கிடைக்கும் கிராண்ட்-பா பொடியில் ஆஸ்பிரினும் இருக்கிறது. வார்ஃபரினோடு அது சேர்ந்தால் வயிற்றில் குருதி கசியும். டிஸ்பிரினும் ஆஸ்பிரினே, ஐபுப்ரோஃபென் வகை மூட்டுவலி மாத்திரைகளும் ஆகாதவை. தலைவலிக்குப் பனாடோ (பாராசிட்டமால்) போதும்; அதையும் நாள்தோறும் பல நாள் தொடர்ந்து எடுக்க நேர்ந்தால் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் கோ-டிரைமாக்சசோல், வேறு சில தொற்றுகளுக்குத் தரும் மெட்ரோனிடசோல், பூஞ்சைக்குத் தரும் ஃப்ளூகோனசோல் ஆகியவை ஐஎன்ஆரை ஏற்றும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் பெரிதும் இறக்கும். குருதிப் பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகளுக்கு மாறலாமா என்று சிலர் கேட்கிறார்கள். இயந்திர வால்வு உள்ளவர்களுக்கு அவை கூடாது. அவற்றுள் ஒன்றான டாபிகாட்ரானை இவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு, குருதிக் கட்டியும் குருதிப்போக்கும் கூடியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டு, 2013இல் முடிவு வெளியானது.

மலம் கறுத்துப் போவது, சிறுநீர் சிவப்பது, நிற்காத மூக்குக் குருதி ஆகியவற்றை உடனே காட்டுங்கள். தலையில் அடிபட்டால், ஒன்றும் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: தைப்பூசத்துக்கு ஆண்டுதோறும் கன்னத்திலும் நாக்கிலும் அலகு குத்திக் காவடி எடுத்து வந்தேன். வால்வு மாற்றி எட்டு மாதம் ஆகிறது. முருகன் அருளால் பிழைத்தேன். நேர்த்திக்கடனை எப்படி விடுவது?
— ஒரு வாசகர், ஐசிபிங்கோ

பதில்: காவடி எடுங்கள், அலகு வேண்டாம். வாய் கிருமிகள் நிறைந்த இடம்; நாக்கையும் கன்னத்தையும் துளைக்கும்போது அவை நேராகக் குருதியில் கலக்கின்றன. செயற்கை வால்வு உள்ளவர்கள் உடலைத் துளைத்துக்கொள்வதைத் தவிர்க்க வேண்டும் என்பதே இதய மருத்துவர்களின் அறிவுரை. முன்கூட்டி ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு குத்திக்கொள்கிறேன் என்பவர்களும் உண்டு. பல் சிகிச்சைக்குச் சொன்ன அந்த ஏற்பாடு இதற்கு உரிமம் ஆகாது. வார்ஃபரின் சாப்பிடுபவராக இருந்தால் நாக்கிலிருந்து வரும் குருதியை நிறுத்துவதே பெரும்பாடு. முதுகில் கொக்கி மாட்டுவதற்கும் இதுவே பதில். சர்க்கரையும் இருந்தால் தீமிதியும் வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் சுட்ட புண் ஆறாது.

எட்டு மாதம் கடந்த நிலையில், உங்கள் மருத்துவர் ஒப்புக்கொண்டால், பால்குடமோ இலேசான காவடியோ எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: விரதமிருந்து, நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிட்டுவிட்டு, வெயிலில் மணிக்கணக்கில் நின்றால் மயங்கி விழுவீர்கள். அன்றைய மாத்திரை நேரத்தை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு, தண்ணீரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பூசாரியிடமும் முன்பே பேசிவிடுங்கள். அலகின்றிக் காவடி எடுப்பவர்கள் கோயிலில் எப்போதும் இருக்கிறார்கள்.

கேள்வி: என் மகளுக்கு வயது 24. சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறது. திருமணம் பேசிக்கொண்டிருக்கிறோம். வால்வை இப்போதே சிறு கீறல் வழியே மாற்றிவிட்டால் தழும்பும் தெரியாது, குழந்தைப்பேறுக்கும் தடையிருக்காது அல்லவா?
— ஒரு வாசகி, லெனேசியா

பதில்: தழும்பை முன்னிட்டு வால்வை மாற்றாதீர்கள், அம்மா. முதலில் கேட்க வேண்டியது, அறுவையே தேவையா என்பது. மைட்ரல் சுருக்கத்தில் வால்வின் இதழ்கள் இளகியிருந்தால், தொடைச் சிரை வழியே பலூனைச் செலுத்தி விரித்துவிட முடியும். மார்பில் கீறலே இல்லை, சொந்த வால்வும் தங்கும். அது பொருந்தாவிட்டால் வால்வைச் சீர்செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். மாற்றுவது கடைசி வழி. ஏனெனில் இளம் வயதினருக்குத் திசு வால்வு விரைவாகத் தேய்கிறது. இயந்திர வால்வோ வார்ஃபரினைக் கட்டாயமாக்குகிறது, வார்ஃபரின் கருவின் முதல் மூன்று மாதத்தில், குறிப்பாக 6 முதல் 12 வாரம் வரை, சிசுவின் உறுப்புகளைப் பாதிக்கக்கூடியது. ஹெப்பரின் ஊசிக்கு மாற்றினால் வால்வில் குருதி உறையும் ஆபத்து கூடுகிறது. முழுக்கப் பாதுகாப்பான வழி எதுவும் இல்லை. இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து அமர்ந்து, கருத்தரிக்கும் முன்பே திட்டமிட வேண்டும். அதுவரை பாதுகாப்பான கருத்தடை அவசியம். மாதவிலக்கு தள்ளிப்போனால் மாத்திரையைத் தானாக நிறுத்தாமல், அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும்.

மற்றொன்று, மூட்டுக் காய்ச்சல் திரும்ப வராமல் தடுக்க மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி. வால்வை மாற்றினாலும் சீர்செய்தாலும் அது தொடர வேண்டும். இந்தக் காய்ச்சலை ஆப்பிரிக்காவிலிருந்து ஒழிக்க வேண்டுமென்று 2005இல் டிராகன்ஸ்பர்க் பிரகடனம் வெளியிடப்பட்டது நம் மண்ணிலேயேதான். இன்றும் நம் வீட்டுப் பெண்களுக்கு ஊசி தவறிப்போகிறது. பெண் பார்க்க வருபவர்களிடம் இதை மறைக்கப் பார்க்காதீர்கள். நாளை பிரசவ வார்டில் அவள் கணவனுக்குத் தெரிந்தே இருக்க வேண்டிய செய்தி இது.

கேள்வி: இரவில் படுத்தால் மார்புக்குள் டிக் டிக் என்று கேட்கிறது. விமான நிலையத்தில் உலோகச் சோதனையில் மாட்டுமா? எம்ஆர்ஐ எடுக்கலாமா?
— ஒரு வாசகர், ஸ்டாங்கர்

பதில்: அந்த ஓசை இயந்திர வால்வு மூடும் ஒலி, நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். பழகிய அந்த ஒலி திடீரென்று மங்கி, மூச்சும் வாங்கினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். விமான நிலையச் சோதனையில் பெரும்பாலும் ஒன்றும் நேராது. இப்போதுள்ள வால்வுகளோடு எம்ஆர்ஐ எடுக்கலாம், ஆனால் எடுப்பவர் வால்வின் பெயரையும் எண்ணையும் கேட்பார். அறுவையின்போது கொடுத்த வால்வு அட்டையைப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் புகைப்படம் ஒன்று மனைவியின் கைப்பேசியிலும் இருக்கட்டும்.